காசெந்தீனோ பள்ளத்தாக்கு: ஆறு, காடு, மடங்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அசிசிக்குத் திருப்பயணம் போகிறவர்கள், ஃப்ளாரன்ஸ் பார்த்துவிட்டு இரண்டு நாள் மீதம் வைத்திருப்பவர்கள், மலையேற்றத்துக்கு இடம் தேடுகிறவர்கள் எல்லோரும் இந்தப் பள்ளத்தாக்கைப் பற்றி ஏறக்குறைய ஒரே மாதிரிக் கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: இங்கே காட்டைத் தனியாகவும் கோவில்களைத் தனியாகவும் பார்க்க முடியாது. காட்டைத் தேடித்தான் துறவிகள் வந்தார்கள். அந்தக் காடு இன்று வரை நிற்பதற்கு அவர்களும் ஒரு காரணம்.

காசெந்தீனோ எங்கே இருக்கிறது?

இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில், அரெட்சோ மாவட்டத்தின் வடபகுதியில். ஃப்ளாரன்ஸ் நகரத்துக்குக் கிழக்கே மலையைத் தாண்டினால் வருவது இதுதான். ஆர்னோ ஆறு பிறந்து முதலில் ஓடும் பள்ளத்தாக்கு. வடக்கே ஃபால்தெரோனா மலை, கிழக்கே அப்பெனைன் மலைத்தொடரின் முதுகு, மேற்கே பிராத்தோமாஞோ என்ற நீண்ட மலை. மூன்று பக்கமும் மலை, தெற்கே மட்டும் அரெட்சோ பக்கம் வாசல் மாதிரித் திறந்திருக்கும். நடுவில் சமவெளி கொஞ்சம்தான். அதில் பொப்பி, பிபியேனா, பிராத்தோவெக்கியோ, ஸ்தியா போன்ற சிறு ஊர்கள். சரிவில் ஏற ஏற முதலில் ஓக், அப்புறம் செஸ்நட் தோப்புகள், அதற்கும் மேலே பீச் மரங்களும் வெள்ளி ஃபர் மரங்களும்.

ஆர்னோ இங்கேதான் பிறக்கிறதா?

ஆமாம். ஃபால்தெரோனாவின் (உயரம் 1,654 மீட்டர்) தென்சரிவில், 1,350 மீட்டருக்கும் மேலே ஓர் ஊற்று. அங்கிருந்து ஃப்ளாரன்ஸ், பீசா வழியாகக் கடலுக்கு 241 கிலோமீட்டர். ஆனால் நேர்வழியில் போவதில்லை. காசெந்தீனோ முழுக்கத் தெற்கு, தென்கிழக்காக ஓடி, அரெட்சோவை நெருங்கும்போது சட்டென்று மேற்கே திரும்பி, பிராத்தோமாஞோவைச் சுற்றிக்கொண்டு மறுபடி வடமேற்காக ஃப்ளாரன்ஸை நோக்கிப் போகிறது. வரைபடத்தில் பார்த்தால் ஒரு பெரிய கொக்கி. பிறந்த இடத்திலிருந்து ஃப்ளாரன்ஸ் வானவழியில் பக்கம்தான், ஆற்றுக்கோ அது சுற்றுவழி. இந்தத் திருப்பத்தைக் கவிஞர் தாந்தே, ஆறு அரெட்சோக்காரர்களைப் பிடிக்காமல் மூக்கைத் திருப்பிக்கொண்டு போகிறது என்று பாடிவிட்டார். அவர் ஃப்ளாரன்ஸ்காரர், அரெட்சோவை எதிர்த்துப் போரிட்டவர், வேறெப்படிப் பாடுவார்!

ரோம் நகரத்தின் டைபர் ஆறும் இங்கிருந்து தென்கிழக்கே, அதிகத் தொலைவில்லாத ஃபுமாயோலோ மலையில்தான் பிறக்கிறது. ஃப்ளாரன்ஸின் ஆறும் ரோமின் ஆறும் பக்கத்துப் பக்கத்து மலைகளில் பிறப்பது தெரிந்தால், இந்த மலைமுதுகுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பது புரியும். முதுகின் மறுபக்கம் விழும் மழையோ ரொமாஞா வழியாக அட்ரியாட்டிக் கடலுக்குப் போய்விடும்.

கிறிஸ்தவத்துக்கு முன்பே இது வழிபாட்டு இடமா?

ஆமாம், அதற்கு அருமையான சான்று இருக்கிறது. ஆர்னோ ஊற்றுக்குக் கொஞ்ச தூரத்திலேயே, ஏறக்குறைய அதே உயரத்தில், ஒரு சின்னக் குளம். 1838-இல் ஆடு மேய்த்த பெண் ஒருத்தி கண்ணில் ஒரு வெண்கலச் சிலை பட்டது. பக்கத்து ஊர்க்காரர்கள் சேர்ந்து குளத்தை வடித்துத் தோண்டினார்கள். 600-க்கும் மேற்பட்ட வெண்கல உருவங்கள், கூடவே ஏராளமான அம்புமுனைகள், நாணயங்கள். எல்லாம் எத்ருஸ்கர்கள் காலத்தவை. அதாவது ரோமர்களுக்கு முன் இந்தப் பகுதியில் செழித்திருந்த மக்கள். ஆண், பெண் உருவங்கள், கை, கால், தலை என்று உடலுறுப்பு வடிவங்கள், விலங்குகள். வேளாங்கண்ணியிலும் நம் அம்மன் கோவில்களிலும் கண் மலர், கை கால் உருவம் என்று வாங்கிக் காணிக்கை போடுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம். நோய் தீர வேண்டியிருக்கிறார்கள், தீர்ந்ததும் நீரில் போட்டிருக்கிறார்கள்.

கிடைத்தவை அங்கே தங்கவில்லை என்பதுதான் வருத்தம். விற்கப்பட்டு உலகம் முழுக்கச் சிதறின. சில லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் பாரிஸ் லூவ்ரிலும் இருக்கின்றன. 2000-களில் மறுபடி முறையாகத் தோண்டி, குளத்தையும் பழையபடி நீர் நிரப்பி வைத்திருக்கிறார்கள். புதிதாகக் கிடைத்ததைப் பார்க்க பிபியேனாவின் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். மேலே நடந்து போனால் பார்க்கக் கிடைப்பது பீச் மரங்களுக்கு நடுவே ஒரு குளம் மட்டுமே, இருந்தாலும் போய்ப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

காமால்தொலி என்பது மடமா, குடில்களா? இரண்டு இடம் சொல்கிறார்களே?

இரண்டும்தான். ரவென்னா நகரத்தில் பிறந்த புனித ரொமுவால்து, 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் (மரபாகச் சொல்லும் ஆண்டு 1012) இந்தக் காட்டுக்கு வந்து, சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் ஐந்து குடில்களும் ஒரு சிறு கோவிலும் அமைத்தார். அதுதான் புனிதக் குடியிருப்பு, இத்தாலியர்கள் ‘எரெமோ’ என்பார்கள். அங்கிருந்து 3 கிலோமீட்டர் கீழே, வழிப்போக்கர்களுக்கும் நோயாளிகளுக்கும் ஒரு விடுதி வைத்தார்கள். அது வளர்ந்து பெரிய மடமாயிற்று.

மேலே தனிமை, கீழே கூட்டு வாழ்க்கை. இதுதான் ரொமுவால்துவின் சிறப்பு. பாலைவனத் துறவிகளைப்போல ஒருவர் தனித்திருக்கலாம், புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) வகுத்த ஒழுங்குப்படி சகோதரர்களோடு சேர்ந்தும் வாழலாம். ஒரே குடும்பம், ஒரே தலைமை, வெள்ளை அங்கி. மேலே இன்று 20 குடில்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சிறு வீடு: படுக்க ஓர் இடம், படிக்க ஓர் இடம், ஒரு சிற்றாலயம், முன்னால் மதில் சூழ்ந்த காய்கறித் தோட்டம். துறவிகள் வசிக்கும் பகுதிக்குள் வெளியாட்களுக்கு அனுமதி இல்லை, கம்பிக் கதவுக்கு வெளியே நின்று பார்க்கலாம். ரொமுவால்து வாழ்ந்ததாகப் போற்றப்படும் குடிலை மட்டும் எல்லோரும் உள்ளே போய்ப் பார்க்கலாம், அதைத் தவறவிட வேண்டாம். கீழ் மடத்தில் பார்க்க வேண்டியது 16ஆம் நூற்றாண்டிலிருந்து வரும் மருந்துக்கடை. மர அலமாரிகளும் ஜாடிகளும் அப்படியே இருக்கின்றன, துறவிகள் செய்யும் மூலிகை மதுவும் சோப்பும் களிம்பும் அங்கே விற்கிறார்கள். மடத்துக் கோவிலில் வசாரி வரைந்த ஓவியங்களும் உண்டு.

துறவிகள்தான் காட்டை வளர்த்தார்கள் என்பது உண்மையா, சுற்றுலாக் கதையா?

உண்மை. இதைத்தான் எல்லோரும் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன், ஏனென்றால் பிரான்சிஸ் அசிசியார் செபித்த லா வெர்னா மலையைப் பற்றி யாரும் சொல்லிவிடுவார்கள், இதைச் சொல்ல ஆள் குறைவு.

காமால்தொலித் துறவிகளுக்குக் காடு என்பது தனிமைக்கு மதில். அதை வெட்டினால் அவர்கள் வாழ்க்கைமுறையே போய்விடும். அதனால் மரம் வளர்ப்பதை வழிபாட்டு ஒழுங்கோடு சேர்த்தே எழுதி வைத்தார்கள். 1520-இல் அச்சான அவர்களுடைய துறவு விதிகளிலேயே வெள்ளி ஃபர் மரங்களை எப்படிக் காக்க வேண்டும், ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் கன்று நட வேண்டும், குடியிருப்பைச் சுற்றியுள்ள மரங்களை உரிய அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது என்றெல்லாம் இருக்கிறது. வெட்டவே கூடாது என்பது அல்ல. மரம் விற்றுத்தான் மடம் நடந்தது, ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் செலவு செய்ததும் அந்தப் பணத்தில்தான். ஆனால் எடுப்பதற்கு மேல் நட வேண்டும் என்ற கணக்கை நூற்றாண்டுகளாகக் கைவிடவில்லை.

வெள்ளி ஃபர் நேராக, உயரமாக வளரும். கப்பலின் பாய்மரத்துக்கும் கோவில் கூரை உத்தரத்துக்கும் அதைவிட நல்ல மரம் அந்தப் பகுதியில் இல்லை. மாடு பூட்டி மலையிலிருந்து ஆர்னோக் கரைக்கு இழுத்து வந்து, தெப்பமாகக் கட்டி, வெள்ளம் வரும் பருவத்தில் ஃப்ளாரன்ஸ் வரை மிதக்க விடுவார்கள். ஃப்ளாரன்ஸ் பேராலயத்தின் கட்டுமானத்தைக் கவனித்த அமைப்பே இங்கே கம்பீஞா பகுதியில் பெரிய காட்டைச் சொந்தமாக வைத்திருந்தது. அந்தக் காடு துறவிகளின் காட்டைப்போலக் காப்பாற்றப்படவில்லை, 19ஆம் நூற்றாண்டு வந்தபோது நன்றாகவே மொட்டையாகியிருந்தது. 1830-களில் டஸ்கனியின் ஆட்சியாளர் இரண்டாம் லியோபோல்து, பொஹீமியாவிலிருந்து கார்ல் சீமோன் என்ற வனவியலாளரை வரவழைத்து மறுபடி நடவைத்தார். 1866-இல் இத்தாலிய அரசு மடங்களின் சொத்துகளைக் கையகப்படுத்தியபோது காமால்தொலிக் காடும் அரசுக்குப் போயிற்று. காடு அரசின் கையில், துறவிகள் தங்கள் குடில்களில் என்ற நிலை அப்போது தொடங்கியதுதான்.

அப்படியானால் இது இயற்கைக் காடு இல்லையா?

கலந்தே இருக்கிறது. காமால்தொலியைச் சுற்றித் தூண்தூணாக நிற்கும் ஃபர் காடு மனிதர் நட்டது. ஒரே இன மரம் மட்டும் இருந்தால் நோய்க்கும் புயலுக்கும் எளிதில் ஆளாகும் என்பதால் இப்போது பீச்சும் மற்ற மரங்களும் கலந்து வளர விடுகிறார்கள். மலைமுதுகைத் தாண்டி ரொமாஞா பக்கம் இருக்கும் சாஸ்ஸோ ஃபிராத்தீனோ வேறு கதை. சரிவு அவ்வளவு செங்குத்து என்பதால் கோடரி எட்டாமல் தப்பிய காடு. 1959-இல் இத்தாலியின் முதல் முழுமையான இயற்கைக் காப்பகமாக அறிவித்தார்கள், ஆய்வாளர்களைத் தவிர யாரும் உள்ளே போக முடியாது. 500 வயதைத் தாண்டிய பீச் மரங்கள் அங்கே இருக்கின்றன. ஐரோப்பாவின் தொன்மையான பீச் காடுகள் என்ற யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் 2017-இல் சேர்ந்தது.

இவை எல்லாவற்றையும் சேர்த்து 1993-இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள்; ஏறக்குறைய 36,000 ஹெக்டேர், டஸ்கனிக்கும் எமிலியா-ரொமாஞாவுக்கும் பொது.

விலங்குகள்?

ஓநாய், செம்மான், காட்டுப்பன்றி. ஓநாயைக் கண்ணால் பார்ப்பது அரிது, தடத்தைப் பார்க்கலாம். செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்தில் ஆண் செம்மான்கள் மாலையில் எழுப்பும் முழக்கத்தைக் கேட்கவே ஆட்கள் வருகிறார்கள்.

லா வெர்னாவில் என்ன நடந்தது?

1213-இல் கியூசி ஊரின் பிரபு ஒர்லாந்தோ, பிரான்சிஸ் அசிசியாரின் பேச்சைக் கேட்டு உருகி, செபிக்கத் தோதான இடம் என்று இந்த மலையையே அவருக்குக் கொடுத்தார். அதற்குப் பிறகு பிரான்சிஸ் பலமுறை இங்கே வந்து தங்கினார். 1224 கோடையின் முடிவில், உடல்நலம் கெட்டு, கண்பார்வை மங்கி, தான் தொடங்கிய சபைக்குள்ளேயே கருத்து வேறுபாடுகள் எழுந்திருந்த நேரத்தில், சகோதரர் லியோ முதலான சிலரோடு வந்து நாற்பது நாள் நோன்பிருந்தார். செப்டம்பர் நடுவில், சிலுவையில் அறையப்பட்ட ஆறு சிறகு கொண்ட வானதூதரின் காட்சி கண்டார் என்றும், அதன்பின் கிறிஸ்துவின் ஐந்து காயங்கள் அவர் உடலில் தோன்றின என்றும் அவருடைய தொடக்ககால வரலாறுகள் சொல்கின்றன. இரண்டு ஆண்டுக்குப் பின், 1226 அக்டோபர் 3 மாலை இறந்தார். ஐந்து காய விழா செப்டம்பர் 17. 2024-இல் 800ஆம் ஆண்டு கொண்டாடினார்கள்.

நம்பிக்கையுள்ளவரோ இல்லாதவரோ, ஒன்றைக் கவனியுங்கள். அந்த நாள்களில் லியோவுக்காக பிரான்சிஸ் தன் கையாலேயே எழுதிய ஒரு தோல்தாள் இன்றும் இருக்கிறது. ஒரு பக்கம் கடவுளின் புகழ், மறுபக்கம் லியோவுக்கு ஆசி. அது அசிசியில் பாதுகாக்கப்படுகிறது. வலியில் இருந்த மனிதர் எழுதியது முழுக்க ‘நீரே அன்பு, நீரே அழகு, நீரே அமைதி’ என்ற வகையில்தான் இருக்கிறது. லா வெர்னாவுக்குப் போகுமுன் அதைப் படித்துவிட்டுப் போங்கள்.

அந்தப் பாறைகள் ஏன் அப்படி உடைந்து கிடக்கின்றன?

லா வெர்னா ஒரு பெரிய சுண்ணாம்புக்கல் பாளம், மென்மையான களிமண் அடுக்கின்மேல் உட்கார்ந்திருக்கிறது. கீழே உள்ளது நெகிழ நெகிழ, மேலே உள்ளது வெடித்துப் பிளக்கிறது. ஆழமான பிளவுகளும் அந்தரத்தில் தொங்குவதுபோன்ற பாறைகளும் அப்படி வந்தவை. பக்தி மரபு வேறொன்று சொல்கிறது: கிறிஸ்து இறந்தபோது பூமி அதிர்ந்து பாறைகள் பிளந்தன என்று நற்செய்தியில் வருகிறதே, அப்போது பிளந்தவை இவை. பிரான்சிஸ் அந்தப் பிளவுகளில் இறங்கி செபித்ததற்கு அந்த எண்ணமும் காரணம். பாறைக்கு அடியில் இறங்கும் படிகள் இருக்கின்றன, தலைக்கு மேலே பாறை நீட்டிக்கொண்டிருக்கும், கோடையிலும் ஈரமும் குளிருமாக இருக்கும். கோவில்களை மட்டும் பார்த்துவிட்டு இங்கே இறங்காமல் திரும்பும் குழுக்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

மூன்று மணி ஊர்வலம் என்கிறார்களே?

தினமும் பிற்பகல் 3 மணியளவில் பிரான்சிஸ்கன் சகோதரர்கள் லா வெர்னாவின் பெரிய கோவிலிலிருந்து, மூடிய நடைக்கூடம் வழியாக, ஐந்து காயச் சிற்றாலயத்துக்குப் பாடிக்கொண்டே போவார்கள். நாமும் பின்னால் நடக்கலாம். ஒருமுறை கடும் பனிப்புயலில் அவர்கள் போக முடியாமல்போக, மறுநாள் காலையில் பனிமேல் காட்டு விலங்குகளின் காலடிகள் வரிசையாகச் சிற்றாலயம் வரை இருந்தன என்று ஒரு கதை. அதற்குப் பிறகுதான் கூடம் கட்டினார்களாம். கோவில்களுக்குள் ஆந்திரேயா தெல்லா ரொப்பியாவின் வெள்ளையும் நீலமுமான பீங்கான் பூச்சுச் சுடுமண் சிற்பங்கள் இருக்கின்றன. மலை ஈரத்தில் சுவரோவியம் உரிந்துவிடும், இவையோ 15ஆம் நூற்றாண்டிலிருந்து நிறம் மங்காமல் நிற்கின்றன. வானதூதர் மரியாவுக்கு இயேசுவின் பிறப்பை அறிவிக்கும் மங்கள வார்த்தைக் காட்சியில் மரியாவின் முகத்தை நிதானமாக நின்று பாருங்கள்.

பெரிய இரண்டைத் தவிர வேறு கோவில்கள்?

பிராத்தோவெக்கியோ பக்கம் ரொமேனாவின் புனித பேதுரு கோவில். கல் தூண்களும் அரைவட்டப் பின்சுவரும் கொண்ட பங்குக்கோவில். தூண் தலைப்பு ஒன்றில் ‘பஞ்ச காலத்தில்’ என்ற சொற்களும் 1152 என்ற ஆண்டும் செதுக்கியிருக்கிறார்கள். சாப்பாட்டுக்கே வழியில்லாத ஆண்டில் கட்டிய கோவில். என்னைக் கேட்டால் பள்ளத்தாக்கிலேயே அழகான கட்டடம் இதுதான். பிபியேனாவுக்கு அருகே தொமினிக்கன் சபையின் சாந்தா மரியா தெல் சாஸ்ஸோ என்ற மாதா திருத்தலமும் உண்டு. நேரம் இருந்தால் போகலாம்.

தாந்தேக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்?

1289 ஜூன் 11 அன்று பொப்பிக்குக் கீழே உள்ள கம்பால்தீனோ சமவெளியில் ஃப்ளாரன்ஸ் படையும் அரெட்சோ படையும் மோதின. தாந்தே 24 வயதில் ஃப்ளாரன்ஸ் குதிரைப்படையில் இருந்தார். எதிர்ப்பக்கம் அரெட்சோ ஆயர் குல்யெல்மீனோவே களத்தில் இறங்கிப் போரிட்டு மாண்டார், ஆயர் பதவி அன்று எப்படி இருந்தது என்பதற்கு அதுவே போதும். பின்னால் நாடு கடத்தப்பட்டபோது தாந்தே இங்குள்ள குய்தி பிரபுக்களிடம் அடைக்கலம் பெற்றார். 1311-இல் எழுதிய கடிதங்களில் ‘ஆர்னோவின் ஊற்றருகிலிருந்து’ என்று குறிப்பிடுகிறார். அவர் காவியத்தில் போர்க்களத்தில் மறைந்த புவோன்கொந்தே என்ற வீரனின் உடலை, காமால்தொலிக் குடில்களுக்கு மேலே பிறக்கும் ஆர்க்கியானோ ஓடை வெள்ளமாக அடித்து ஆர்னோவில் தள்ளுகிறது. பிபியேனா அருகே அந்த ஓடை கலக்கும் இடத்தை இன்றும் பார்க்கலாம்.

தமிழ்நாட்டோடு ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, அதுவும் காவிரிக் கரையில். குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் இருக்கும் சாந்திவனம் என்ற சச்சிதானந்த ஆசிரமம் காமால்தொலித் துறவியர் குடும்பத்தைச் சேர்ந்தது. 1950-இல் பிரெஞ்சுக்காரர்களான ஜூல் மொன்ஷானென் அடிகளும், பின்னர் அபிஷிக்தானந்தர் என்று அறியப்பட்ட ஆன்றி லெ சோவும் தொடங்கினார்கள். 1968-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த பீட் கிரிஃபித்ஸ் அடிகள் பொறுப்பேற்றார். 1980-களின் தொடக்கத்தில் ஆசிரமம் காமால்தொலியோடு இணைந்தது. காவி உடுத்தி, வழிபாட்டில் சமஸ்கிருதமும் தமிழும் கலந்து, தனித்தனிக் குடிலில் வாழும் ஒரு சமூகத்துக்கு, தனிமையையும் கூட்டு வாழ்க்கையையும் ஒன்றாகப் பிணைத்த ரொமுவால்துவின் வழி பொருந்தியதில் வியப்பில்லை. இத்தாலிக்குப் போக வசதியில்லாதவர்கள் திருச்சியிலிருந்து பேருந்தில் குளித்தலை போய் அந்த மரபின் ஒரு கிளையைப் பார்த்துவிட்டு வரலாம்.

எப்படிப் போவது, எங்கே தங்குவது?

அரெட்சோவிலிருந்து ஸ்தியா வரை ஒரு சிறு ரயில் பாதை இருக்கிறது, 1888-இல் திறந்தது, ஆற்றை ஒட்டியே போகும். பிபியேனாவிலோ பொப்பியிலோ இறங்கி பேருந்து பிடிக்கலாம், ஆனால் மலைக்குப் போகும் பேருந்துகள் குறைவு, ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் குறைவு. முந்தின நாளே நேரம் விசாரித்துக்கொள்ளுங்கள். கார் இருந்தால் ஃப்ளாரன்ஸிலிருந்து கொன்சூமா கணவாய் வழியாகப் பொப்பிக்கு ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம். வளைவுகள் அதிகம், வாந்தி வருகிறவர்கள் முன்னால் உட்காருங்கள்.

லா வெர்னாவிலும் காமால்தொலிக் கீழ் மடத்திலும் விருந்தினர் விடுதிகள் உண்டு, ஆண் பெண் எல்லோரும் தங்கலாம், முன்பதிவு அவசியம். அசிசியிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பும் பயணத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்: பேருந்து நிற்கும், படம் எடுப்பீர்கள், கிளம்பிவிடுவீர்கள். ஓர் இரவாவது தங்கினால் கூட்டம் போன பிறகு மாலைச் செபத்தில் உட்காரலாம், விடிகாலையில் லா வெர்னாவின் 1,283 மீட்டர் பென்னா உச்சி வரை காட்டுக்குள் நடக்கலாம். நடைப் பிரியர்களுக்கு லா வெர்னாவிலிருந்து அசிசி வரை, அங்கிருந்து ரோம் வரை, அடையாளமிட்ட பிரான்சிஸ் பாதையும் இருக்கிறது.

எந்த மாதம் நல்லது?

மே, ஜூன் பச்சை. அக்டோபர் நடுவிலிருந்து பீச் காடு செம்பும் மஞ்சளுமாக மாறும், செஸ்நட் பொறுக்கும் காலமும் அதுதான். குளிர்காலத்தில் மேலே பனி கொட்டும், சக்கரச் சங்கிலி இல்லாமல் காரில் ஏற வேண்டாம். ஆகஸ்டிலும் இரவில் சால்வை வேண்டும். ஸ்தியாவில் நெய்யும் சுருள்முடிக் கம்பளித் துணி, அந்த அடர்ந்த ஆரஞ்சு நிறத்தில், கடைகளில் கிடைக்கும். விலை அதிகம்தான், ஆனால் அந்தக் குளிருக்காகவே உண்டானது. சைவம் சாப்பிடுகிறவர்கள் உருளைக்கிழங்கு வைத்து மூடிய தொர்தெல்லி என்ற பாஸ்தா கேளுங்கள், மேலே ஊற்றும் குழம்பில் இறைச்சி வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.